உலைக்களத்து வேலும் ஒப்பனை வேலும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தன அவன் வேல்கள். ஔவையார் அவற்றைப் புகழ்ந்தார். புகழ்ந்தவாறே, தம் மன்னனின் வேல்களோ போரில் நுனி முரிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் சொல்லி வைத்தார். எந்த வேல் போர் கண்டது, எந்த வேல் காட்சிக்கு வைத்தது என்பதைத் தொண்டைமான் உணர்ந்துகொள்ள அந்தச் சில சொற்களே போதும்.

புறநானூறு காட்டும் இந்நிகழ்ச்சியைப் பள்ளிச் சிறுவரும் படித்திருக்கின்றனர். படித்து என்ன பயன்? தகடூர் என்னும் தன் பெயரையே இழந்து தருமபுரி என்று வழங்கும் அதே மண்ணிலும், தமிழ்நாடு முழுவதிலும், கணிப்பொறியில் ஆட்டங்கள் புனையும் இளைஞர் பெருகி வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடுவது ஒப்பனைக் கொட்டிலையே! உலைக்களத்தின் வெப்பம் அவர்களுக்கு ஆகவில்லை. அவ்வுலையில் தமிழ்க் கரி இடுவதோ அறவே ஆகவில்லை!

“கணிப்பொறி ஆட்டமா? அது சிறுவர் பொழுதுபோக்கு ஆயிற்றே! அதற்கும் தமிழுக்கும் என்ன உறவு?” என்று முகம் சுளிக்கும் முதியோர் சற்றுப் பொறுத்திடுக. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நான்கு நிலைக்களங்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்தவர் தொல்காப்பியர். கீழடி அகழாய்வில் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. ஆடுபுலியும் பல்லாங்குழியும் தாயமும் ஐந்தாங்கல்லும் இம்மக்கள் கண்ட ஆட்டங்கள். ஆட்டம் புனைவது தமிழனுக்குப் புதிதன்று. புனைந்ததைப் பிறன் மொழியில் பெயரிட்டுப் பிறன் மொழியில் ஒப்படைப்பதே புதிது. ஒரு குழந்தை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆடும் ஆட்டத்தில் எந்த மொழி ஒலிக்கிறதோ, அந்த மொழியே அக்குழந்தையின் உள்ளத்தில் ஊறும். இது பொழுதுபோக்குச் செய்தி அன்று. மொழியின் உயிர்நிலைச் செய்தி.

ஆங்கிலத்தில் ‘கேம் ஜாம்’ எனப்படும் ஒருவகைக் கூட்டு முயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. தமிழில் அதனை ஆட்டக்கூடல் எனலாம். பெருநிறுவனங்களின் பொருளுதவி இன்றித் தனியாகவோ சிறு குழுவாகவோ ஆட்டம் புனைவோரே அதில் மிகுதியாகக் கலந்துகொள்கின்றனர். கூடல் தொடங்கும்பொழுது ஒரு தலைப்பு அறிவிக்கப்படும். பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குள் அத்தலைப்புக்கு ஏற்ற ஆட்டம் ஒன்றைப் புதிதாக ஆக்கி முடித்தல் வேண்டும். 2002ஆம் ஆண்டில் தோன்றிய ‘லூடம் டேர்’ இவ்வகையுள் பழமையான ஒன்று. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘குளோபல் கேம் ஜாம்’ என்னும் கூடல் 23 நாடுகளில் ஒரே வேளையில் நடைபெற்றது.

ஆக்கி முடித்தவுடன் கூடல் முடிவதில்லை. அதன் பிற்பாதிதான் அதன் உயிர். ஒருவர் ஆக்கியதை மற்றவர் ஆடிப் பார்க்கின்றனர், நிறைகுறைகளை எழுதுகின்றனர். லூடம் டேரில் புதுமை, சுவை, தலைப்புப் பொருத்தம், ஓவியம், ஒலி, நகைச்சுவை, உணர்வுநிலை எனத் தனித்தனியே மதிப்பெண் இடுகின்றனர். அங்கு மதிப்பிடுவோர் யார்? ஆட்டம் ஆக்கியவர்களே! பிறர் ஆட்டங்களை மிகுதியாக ஆடிக் கருத்துரைப்பவரின் ஆட்டம் பலர் கண்ணிலும் படுமாறு முன்னுக்கு வரும். கொடுப்பவன் பெறுவான், கொடாதவன் பின்தங்குவான். நல்ல முறை!

இம்முறை வெளிநாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணி வாய் பிளப்போர் தமிழ் வரலாறு அறியாதோர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பனம்பாரனார் தம் சிறப்புப் பாயிரத்தில் கூறியுள்ளார். ஆசான் ஐயங்களை எழுப்ப, ஆசிரியர் விடை கூற, அதன்பின்பே நூல் அவையேறியது. தொல்காப்பியர்க்கே தடை கேட்கும் ஓர் அவை இருந்தது! இன்று நான்கு படமும் இரண்டு ஒலியும் கோத்தவனுக்கு அத்தகைய அவை வேண்டா என்றால், அது தற்பெருமையா, அறியாமையா?

அரூரிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழிக் கற்று, பொறியியல் கல்லூரிக்குச் சென்ற ஓர் இளைஞனை எண்ணிப் பார்த்திடுக. இரண்டு இரவுகள் உறங்காமல் ஆட்டம் ஒன்றை ஆக்குகிறான். அவன் பாட்டி சொன்ன கதைதான் அதன் கரு. ஆயினும் ஆட்டத்தின் பெயர் ஆங்கிலம். ஊரின் பெயர் ஆங்கிலம். பாட்டியும் பேரனும் பேசுவது ஆங்கிலம்! அதை ஆடிப் பார்க்கும் சேலத்து இளைஞனும் மதுரை இளைஞனும் அவனுக்கு எழுதும் கருத்துரையும் ஆங்கிலம். ஒருவன் ‘சூப்பர்’ என்கிறான். மற்றொருவன் ‘நைஸ்’ என்கிறான். மூன்றாமவன் ஒரு கைதட்டும் படத்தை ஒட்டிவிட்டுத் தன் ஆட்டத்தை ஆடிப் பார்க்கும்படி கேட்டுச் செல்கிறான். இதற்குப் பெயர் மதிப்பீடா? மொய் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பெற்ற மொய்யைத் திருப்பி வைக்கும் இப்புகழ்ச்சியால் கெடுபவன் ஆட்டம் புனைந்தவனே. எந்த இடத்தில் ஆடுபவன் வழி தெரியாமல் திகைத்தான் என்பது அவனுக்குத் தெரியாமற் போகிறது. எந்தக் கட்டத்தில் சலித்து எழுந்து போனான் என்பதும் தெரியாமற் போகிறது. இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளுதல் வேண்டும் என்று மன்னர்க்கே வள்ளுவர் அறிவுறுத்தினார். மன்னனுக்குத் தேவையான ஒன்று மாணாக்கனுக்குத் தேவையில்லையா?

“விரிவாகச் சொல்ல ஆங்கிலத்தில்தானே சொற்கள் உள்ளன?” என்று கேட்போரும் உளர். நன்னூலைத் திறந்து பார்க்காத வாய்களே இவ்வாறு கேட்கும். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும் பவணந்தியார் வகுத்து வைத்துள்ளார். அவற்றை ஆட்டத்தின்மேல் வைத்துப் பார்த்திடுக. ஆடும் முறையைப் போதிய அளவு விளக்காமல் விடுவது குன்றக் கூறல். முதற் பத்து மணித்துளியும் அறிவுரைப் பலகைகளாலேயே ஆடுவோனைக் கட்டிப் போடுவது மிகைபடக் கூறல். எது கதவு, எது சுவர் என்று பிரித்தறிய முடியாதபடி வரைந்து வைப்பது மயங்க வைத்தல். எழுச்சியோடு தொடங்கி மூன்றாம் கட்டத்தில் உயிரிழந்து போவது சென்று தேய்ந்து இறுதல். பல நூறு ஆண்டுகளுக்கு முன் நூலுக்குச் செய்த அளவுகோல் நேற்றுப் பிறந்த கணிப்பொறி ஆட்டத்திற்கும் பொருந்துகிறது! அளவுகோலை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு அண்டை வீட்டில் முழக்கயிறு இரப்பது ஏன்?

இதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. தமிழாட்டத்தின் சில பிழைகளைத் தமிழறிந்தவனன்றி வேறெவனும் காட்ட முடியாது. ஆட்டம் ஆக்கும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துகளை முறையாக அடுக்கும் அமைப்பு இல்லை. அவற்றில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் விழும், ‘கொ’ உருக்குலையும். பின்லாந்துக்காரனும் பிரேசில்காரனும் அதைக் கண்டால் அழகிய கோடுகள் என்றே எண்ணுவர். தமிழன்தான் “கொம்பு இடம் மாறி நிற்கிறது, திருத்துக!” என்று எழுத முடியும். இக்குறைக்குத் தீர்வும் உண்டு. விலையின்றிக் கிடைப்பதும், எவரும் திறந்து பார்த்துத் திருத்தக் கூடியதுமான ‘கோடோ’ என்னும் மென்பொருளின் 2023ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் பதிப்பு, இத்தகைய எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் ஆற்றலோடு வந்துள்ளது. கருவி ஆயத்தமாக உள்ளது. கைதான் ஆங்கிலத்தை நோக்கி நீள்கிறது!

மொழியே ஆட்டமாகும் என்பதற்கும் சான்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி என்பவர் 2017ஆம் ஆண்டு நார்டிக் ஆட்டக்கூடலில் ‘பாபா இஸ் யூ’ என்னும் ஆட்டத்தை ஆக்கி முதலிடம் பெற்றார். அதை மேலும் வளர்த்து 2019இல் முழு ஆட்டமாக வெளியிட்டார். அதில் சொற்களே கட்டைகளாகக் களத்தில் கிடக்கும். அவற்றைத் தள்ளி ஒரு தொடர் அமைத்தால் அத்தொடரே ஆட்டத்தின் விதியாகும். தொடரைக் கலைத்தால் விதியும் கலையும். எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றே அவ்வாட்டத்தின் அச்சாணி. தமிழில் அவ்விணைப்புச் சொல்லுக்கு வேலையே இல்லை. இங்கு வேற்றுமையுருபு வேலை செய்கிறது. ‘புலி ஆட்டைக் கொன்றது’ என்பதில் உள்ள ஐகாரத்தை இடம் மாற்றி வைத்தால் புலியை ஆடு கொன்றுவிடும்! ‘புலிகொல் யானை’ என்பதில் கொன்றது எது, இறந்தது எது என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஆராய்ந்தார்களே, அது ஓர் ஆட்டத்தின் கரு அன்றி வேறென்ன? எட்டு வேற்றுமையும் எட்டுக் கட்டங்களாகக் காத்துக் கிடக்கின்றன. பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலக்கம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலக்கம். தருமபுரி மாவட்டத்தில் மட்டும் 15 இலக்கம். குறைவது மக்களும் அன்று, மூளையும் அன்று. தன் மொழியை ஆராய்ந்து பார்க்கும் துணிவே குறைகிறது.

“தமிழ் வைத்தால் உலகம் மதிக்காது” என்பது கடைசி அம்பு. அதுவும் முரிந்துவிட்டது. கனடாவின் தொரண்டோ நகரில் இயங்கும் ‘விசை’ என்னும் சிறு நிறுவனம் 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய் போற்றி வைத்த சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. இட்டலியும் புட்டும் ஆக்கும் முறையை ஆடுவோர் மீட்டெடுக்கின்றனர். மகனோ தாய்மொழியை விட்டு விலகிச் செல்கிறான். 2024ஆம் ஆண்டில் தன்முயற்சி ஆட்டங்களுக்கான விழாவின் பெரும்பரிசை அவ்வாட்டம் பெற்றது. அதே ஆண்டு பிரித்தானியாவின் பாப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதையும் பெற்றது. பனி கொட்டும் நாட்டில் வாழ்வோர் தூய தமிழ்ப்பெயர் சூட்டி உலக அவையேறினர். தென்பெண்ணையும் காவிரியும் தொட்டுச் செல்லும் மாவட்டத்தில் வாழ்வோர் தம் ஆட்டத்தலைவனுக்கு ‘ஜாக்’ என்று பெயரிடுகின்றனர். எவர் உலகை அறிந்தவர்? எவர் கிணற்றுத் தவளை?

ஆங்கிலம் அறிந்தோர் ஆங்கில விளக்கத்தைக் கீழே சேர்த்துக் கொள்வதை எவரும் தடுக்கவில்லை. வெளிநாட்டார் ஆட்டங்களுக்கு அவர் அறிந்த மொழியில் கருத்துரைப்பதும் குற்றமன்று. தமிழன் தமிழனுக்கு ஆக்கியதைத் தமிழன் ஆங்கிலத்தில் மதிப்பிடுவதே குற்றம். தன் ஆக்கத்தின் தரத்தைத் தன் மொழியில் சொல்ல மாட்டாத இனம், தன்னைத் தரம்பிரிக்கும் உரிமையைப் பிறர் கையில் கொடுத்துவிட்ட இனம்.

எனவே தகடூர் மண்ணில் தமிழ் ஆட்டக்கூடல்கள் தோன்றுதல் வேண்டும். பெருமண்டபம் தேவையில்லை, ஒரு பள்ளியின் கணிப்பொறி அறையும் கிழமையிறுதி இரண்டு நாளும் போதும். தலைப்பு தமிழில் அறிவிக்கப்படுக. ஆட்டத்தின் பெயரும் உரையாடலும் தமிழில் அமைக. ஒருவன் தன் ஆட்டத்தை அவையில் வைக்குமுன் பிறர் ஆட்டங்கள் மூன்றையேனும் முழுவதும் ஆடியிருத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிறை ஒன்றும், குறை ஒன்றும், அக்குறை தீரும் வழி ஒன்றும் நல்ல தமிழில் எழுதுதல் வேண்டும். மதிப்பெண் பிரிவுகளுள் மொழிக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். பல்லாங்குழி ஆடிப் பழகிய பாட்டிமாரையும் அழைத்து ஆடச் செய்தல் வேண்டும். அவர் விரல் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

குறை கூறுதல் வசைபாடுதல் அன்று என்பதையும் இளைஞர் உணர்தல் வேண்டும். முதன்முதலாக ஆக்கிய ஒருவனை எள்ளி நகையாடி ஓடச் செய்பவன், பொய்ப்புகழ் பாடுபவனினும் கொடியவன். ஔவையார் தொண்டைமானை ஒரு சொல்லும் வையவில்லை. ஆயினும் உண்மையை விழுங்கவும் இல்லை. அந்நாவின் நேர்மையும் நயமும் ஒருங்கே வேண்டும்.

கேட்கும் செவியும் வேண்டும். தன் ஆட்டத்தின் குறையைக் கேட்டவுடன் முகம் வாடுபவன் கொட்டிலில் வேல் அடுக்குபவன். “எங்கே முரிந்தது? காட்டு!” என்று கேட்டுவிட்டு மீண்டும் உலையில் இடுபவனே அதியமான் மண்ணின் மகன். உலை மூண்டிடுக! சம்மட்டி ஓங்கிடுக! நுனி முரிந்த வேல்கள் தமிழால் கூர் பெறுக!