வெள்ளைப்படுதல்: வெட்கம் எதற்கு?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தை நம்மில் பலர் தினமும் கடக்கிறோம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில் துணி துவைத்ததால் வந்த பெயர் அது. 14 வயதில் நானும் அப்படித்தான், உள்ளாடையை யாருக்கும் தெரியாமல் துவைத்து ஒளித்துக் காயவைத்தேன். வெள்ளைப்படுவதை நோய் என்று பயந்து ஈராண்டு யாரிடமும் சொல்லவில்லை.

பருவமடைந்த பெண்களுக்கு அது இயல்பு. நிறமற்றோ வெண்மையாகவோ, துர்நாற்றமின்றி இருக்கும். கருமுட்டை வெளியாகும் நாள்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல் இழுபடும். அதன் அமிலத்தன்மை கிருமிகளைத் தடுக்கிறது. கறுப்பு உள்ளாடை வெளிறுவதும் அதனால்தான்.

தயிர்போல் திரண்டு அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறமும் மீன் வாடையும் இருந்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்தால் பாலியல் தொற்றாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. வாசனைத் திரவத்தால் கழுவுவது நிலைமையை மோசமாக்கும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

"உடம்புச் சூடு" என்று சொல்லி முடித்துவிடும் வீடுகளில் பிள்ளைகள் தனியாகப் பயப்படுகிறார்கள். என் தங்கை பயப்படவில்லை. அவளுக்கு நான் முன்பே சொல்லிவிட்டேன். நீங்களும் உங்கள் தங்கையிடம் பேசுங்கள்.