கழற்றி விற்கப்படும் வீடுகள்

பழனி அடிவாரத்தில் முப்பத்தைந்து வருடமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு விடுதிக்காரர் தன் வரவேற்பறைக்குப் பழைய தேக்குத் தூண் ஆறு கேட்டார். காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டில் விலை பேசினோம். தூண்கள் வீட்டைத் தாங்கியபடியே நின்றன. கழற்றியது நான்தான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து வரும் செட்டிநாட்டு நகரத்தாரைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். அவர்கள் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதை இடிக்கப் போனபோது.

முகப்பு உச்சியில் சுதையில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வெளித்தூண்களின் தலையில் ஐரோப்பிய இலைக்கொத்து. உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பர்மாத் தேக்குத் தூண், அதன் மேல் கோயில் மண்டபத்தில் பார்க்கிற போதிகை. பட்டாலைக் கூடத் தரையில் ஆத்தங்குடிக் கல். இதைக் கலப்படம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. பர்மாவில் வட்டித்தொழில் செய்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஆனால் வீட்டின் கணக்கு நம்முடையது. ஓட்டுச் சரிவு நாலும் மழையை வளவு முற்றத்தில் இறக்கும். தலைவாசலில் நின்றால் பின்வாசல் நேராகத் தெரியும், காற்று தடையில்லாமல் ஓடும். மரத்தோடு மரம் கழுந்தும் துளையுமாகச் சேர்ந்திருந்தது, ஓர் ஆணிகூட இல்லை. அதைப் பிரிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று.

அந்த வீட்டுக்குப் பதினேழு பங்கு என்றார் காவலுக்கு இருந்த பெரியவர். கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்பு என்று கட்டியது. பர்மா வருமானம் போய், பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனபிறகு, ஓடு மாற்றப் பதினேழு பேர் சம்மதிக்க வேண்டும். பங்காளிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரைக்கு உதவாத அரசைத்தான் கேட்கிறேன்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்க நம் சட்டசபை 2012-லேயே சட்டம் இயற்றியது. அது ஆள் வாழாத வீட்டின் கூரைவரை வந்து சேர வேண்டும். பழுது பார்ப்பவருக்கு வீட்டுவரியில் சலுகை கொடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும், பழைய பொருத்து தெரிந்த தச்சருக்கும் கூலியில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். அளவெடுத்துப் படம் பிடிக்காமல் எந்த வீட்டையும் பிரிக்க விடாதீர்கள்.

அந்த ஆறு தூணும் இப்போது விடுதியில் நிற்கின்றன. மேலே கான்கிரீட் தளம், அதைத் தாங்குவது வேறு கம்பித் தூண்கள். இவை சும்மா நிற்கின்றன. பழைய தூண் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது புதுத் தேக்கில்தான் கடைந்து கொடுக்கிறேன். செட்டிநாட்டில் யாராவது வளவுக் கூரையைச் சரிபண்ணக் கூப்பிட்டால், பட்டறைப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவர்கள் அந்தப் பொருத்தைக் கழற்றித்தான் பார்த்திருக்கிறார்கள், சேர்த்துப் பார்த்ததில்லை.