ரோசி பேர் எங்கே?

குற்றாலத்தில் ஜே.சி. டேனியலுக்கு நினைவுக்கூட்டமாம். தென்காசி சினிமா ரசிகர்கள் போட்ட நோட்டீஸ் பேங்க் கவுண்டருக்கே வந்தது. அகஸ்தீஸ்வரத்துக்காரர், சொத்தை விற்று மலையாளத்தின் முதல் மௌனப்படம் ‘விகதகுமாரன்’ எடுத்தார், நொடித்தார், பல்வைத்தியம் பார்த்தார், 1975இல் வறுமையில் செத்தார். எல்லாம் இருக்கு. கேரள அரசு 1992இல் அவர் பேரில் விருது வைத்ததும் இருக்கு.

பி.கே. ரோசி எங்கய்யா?

அந்தப் படத்தின் கதாநாயகி. புலையர் வீட்டுப் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திருவனந்தபுரத்துச் சாதி இந்துக்கள் திரையில் கல்லெறிந்தார்கள், குடிசையைக் கொளுத்தினார்கள். நாகர்கோவில் பக்கம் தப்பி, பேரை மறைத்து வாழ்ந்தார். டேனியலுக்குச் சொத்து போச்சு. ரோசிக்கு ஊரும் பேருமே போச்சு.

கேட்டால், ‘கலையில சாதி பாக்காதீங்க சார்’ என்கிறார்கள். கல்லெறிஞ்சவன் பாத்துத்தானே எறிஞ்சான்? நோட்டீசை மாத்தி அடிங்க. ரோசி பேரு மேல இருக்கட்டும். அச்சுக்கூலி நான் தாரேன்.