சொட்டு மருந்துக்குத் திறந்த பாதை

காஸாவில் 25 ஆண்டுகளின் பின்னர், 2024 ஆகஸ்ட் மாதத்தில் பத்து மாதக் குழந்தையொன்று இளம்பிள்ளைவாதத்தினால் பாதிக்கப்பட்டமை உறுதிப்படுத்தப்பட்டது. செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் பிரதேசவாரியாகச் சில மணிநேரம் தாக்குதல்கள் இடைநிறுத்தப்பட, முதற்கட்டத்தில் பத்து வயதுக்குட்பட்ட சுமார் 5 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்களுக்குச் சொட்டு மருந்து வழங்கப்பட்டது.

இது புதிய வழியல்ல. 1985 இல் எல் சல்வடோரில் யுனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் எடுத்த முயற்சியினால் அரச படைகளும் கெரில்லாக்களும் தடுப்பூசிக்காக மூன்று தினங்கள் சமரை நிறுத்தினர். எமது நாட்டிலும் 1990 களின் நடுப்பகுதியில் இவ்வாறான 'அமைதி நாட்கள்' கடைப்பிடிக்கப்பட்டதை வடக்கு, கிழக்கு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1993 இன் பின்னர் இலங்கையில் இந்நோய் பதிவாகவில்லை.

ஆனால், தாதியர் மருந்துப் பெட்டியுடன் வீதியில் இறங்குவதற்கு முன்னர், ஆயுதம் தரித்தோரிடம் எவரேனும் பேசி அவர்களை இணங்கவைக்க வேண்டியிருக்கின்றது. அந்தக் குரல் ஓய்ந்தால் உதவியும் எல்லையிலேயே தேங்கிவிடும். காஸாவில் நடந்ததும் அதுவே. ஓராண்டு கழிவதற்குள், 2025 ஆகஸ்ட் மாதத்தில், காஸா மாகாணத்தில் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாடுகளின் ஆதரவு பெற்ற நிபுணர் குழு அறிவித்தது. சொட்டு மருந்துக்குத் திறக்கப்பட்ட பாதை மாவுக்கு ஏன் அடைக்கப்பட்டது என்ற கேள்விக்கு இஸ்ரேல் மட்டுமன்றி, அதற்கு ஆயுதம் வழங்கிய நாடுகளும் பதிலளித்தாக வேண்டுமென்பதே எமது நிலைப்பாடாகும்.