கணுக் கணக்கு

பவர் பிரஸ்ஸில் மேல் டை இறங்கிக் கீழ் டையோடு சேரும் இடத்துக்குக் கை போகக் கூடாது. பிரஸ் ஷாப்பில் பாதுகாப்பு என்பதே இந்த ஓர் எல்லையைக் காப்பதுதான். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் கார், லாரி ஆலைகளைச் சுற்றி முளைத்த உதிரிபாகப் பட்டறைகளில் அந்த எல்லை ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான முறை சோதிக்கப்படுகிறது.

பழைய கீ-கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்துவிட்டால் மேல் டையைத் தாங்கி இறங்கும் ராம் முழுச் சுற்று முடித்தபின்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. கிளட்ச் தேய்ந்திருந்தால் மிதிக்காமலே இரண்டாவது அடி விழும். டையில் ஒட்டிய தகட்டை எடுக்க ஆபரேட்டரின் விரல்கள் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

போன விரலைச் சட்டம் கணுக்கணுவாக அளக்கிறது. 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த இரண்டாம் அட்டவணைப்படி, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9, எலும்பு தப்பி நுனி மட்டும் போனால் 5. கட்டைவிரலுக்கு 30. அது கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு: எதிரே கட்டைவிரல் நிற்காவிட்டால் பிடி என்பதே இல்லை.

மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் ஆள்காட்டி விரலை இழந்தால், கூலியில் 90 விழுக்காடு என்ற அடிப்படையில், ஆயுள் முழுதும் மாதம் ஏறக்குறைய 1,890 ரூபாய் கிடைக்கும். ஆயுள் முழுதும் என்பது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் நுனி போன விரல் குளிர் பட்டாலே கூசும், சிறு திருகாணியைப் பிடிக்காது. 5 விழுக்காட்டுக்குள் இது அடங்கவில்லை.

அந்தத் தொகையையும் சிக்கலின்றிப் பெற, தொழிலாளி முன்கூட்டியே ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருப்பது முக்கியம். வட இந்தியாவின் மானேசரில் இயங்கும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், அங்கே பலருக்கு விபத்துக்குப் பிறகே ஈ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததைப் பதிவு செய்துள்ளன. காண்ட்ராக்டில் ஆள் எடுக்கும் எந்தத் தடத்துக்கும் இது எச்சரிக்கை.

ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு அமைப்பதை 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் அன்றே கட்டாயமாக்கியது. இரு கைகளாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான்கள், கை குறுக்கிட்டால் ராமை நிறுத்தும் லைட் கர்ட்டன் எல்லாம் சந்தையில் கிடைக்கின்றன. கீ-கிளட்ச் பிரஸ்ஸில் மட்டும் லைட் கர்ட்டன் பயன்படாது; அங்கே கை நுழையாதபடி டையைச் சுற்றிக் கூண்டுதான் வேண்டும். உற்பத்தி எண்ணிக்கைக்காக இவற்றைக் கழற்றி வைக்கும் பட்டறையிலிருந்து பாகம் வாங்க மாட்டோம் என்று பெரிய ஆலைகள் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.