தொழிலாளியின் சேமிப்பும் விழிஞ்ஞம் துறைமுகமும்

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மாதம் 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. பெட்டகங்கள் கேரளக் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர்கள் பிழைப்பை இழந்து கரையிலிருந்தனர். மாத இறுதியில் வெளிவந்த மூன்றாவது செய்தியில் விழிஞ்ஞத்தின் பெயர் இல்லை. அதானி துறைமுகக் கம்பெனி 15 ஆண்டுக் காலக் கடன் பத்திரங்கள் வழியே 5,000 கோடி ரூபாய் திரட்டியது. அத்தனையையும் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒன்றே வாங்கிக்கொண்டது என்பதே அச்செய்தி.

அந்தப் பணம் விழிஞ்ஞத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குச் செலவானது என்று யாரும் சொல்லவில்லை. பழைய கடன்களை மாற்றியமைக்கவே அது திரட்டப்பட்டது. எனினும் விழிஞ்ஞத்தை நடத்தும் கம்பெனிக்குத் தாய்க் கம்பெனி அதுவே. காப்பீட்டுக் கழகத்தின் கருவூலமோ கோடிக்கணக்கான பாலிசிதாரர்களின் சிறு சேமிப்பு. வருங்கால வைப்பு நிதியும் இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. மத்தியத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி 2015 ஆகஸ்டில் அந்நிதியின் புதிய வரவில் 5 விழுக்காடு பங்குச்சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் அது 15 விழுக்காடாயிற்று. நிஃப்டி குறியீட்டைப் பின்தொடரும் நிதியங்களில் அப்பணம் இடப்படுகிறது. அக்குறியீட்டின் 50 கம்பெனிகளில் அதானி துறைமுகமும் ஒன்று. குமரியிலும் நெல்லையிலும் குன்றுகளைக் குடைந்து எடுத்த கல் மட்டும் விழிஞ்ஞத்துக்குப் போகவில்லை. திருப்பூரிலும் ஓசூரிலும் மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படும் தொழிலாளியின் காசும் அக்கம்பெனியின் பங்குகளைச் சென்றடைகிறது.

முதுமைக்கென ஒதுக்கிய பணத்தின் உடைமையாளன் தொழிலாளி. அதன் மீதான அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதன் ஆபத்து யார் தலையில் இருக்கிறது என்பதே பங்களிப்பு ஓய்வூதியத்தைப் பற்றிய விவாதத்தின் உயிர்நிலை.

பழைய ஓய்வூதியத்தில் உறுதி செய்யப்பட்டது பலன்: கடைசி ஊதியத்தில் பாதி, அதன் மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏறினாலும் சந்தை விழுந்தாலும் பொறுப்பு அரசினுடையது. பங்களிப்புத் திட்டத்திலோ செலுத்தும் தொகை மட்டுமே உறுதி. திரும்பி வருவது சந்தையின் தயவு. 2004 ஜனவரி 1க்குப் பின் பணியேற்ற மத்திய அரசு ஊழியர்கள் மீது வாஜ்பாய் அரசு இதைச் சுமத்தியது. ஜெயலலிதா அரசு அதற்கும் முந்திக்கொண்டு தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலே நடைமுறைப்படுத்தியது. முப்படையினருக்கு மட்டும் விலக்கு. 1981இல் சிலியில் பினோசெயின் சர்வாதிகாரம் ஓய்வூதியத்தைத் தனியார் நிதியங்களிடம் ஒப்படைத்தபோதும் படையினர் பழைய முறையிலேயே விடப்பட்டார்கள். அவ்வளவு நல்ல திட்டமென்றால் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு அது ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்விக்கு சந்தியாகோவிலும் விடையில்லை, தில்லியிலும் விடையில்லை.

2005இல் கொண்டுவரப்பட்ட ஓய்வூதிய நிதி ஒழுங்காற்று ஆணைய மசோதாவை இடதுசாரிகள் தம் நாடாளுமன்ற வலிமையால் தடுத்து நிறுத்தினர். அந்த வலிமை குன்றிய பின், 2013இல் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் கைகோத்து அதை நிறைவேற்றின. ஓய்வூதிய நிதி மேலாண்மையில் அந்நிய மூலதன வரம்பு, காப்பீட்டுத் துறையின் வரம்போடு பிணைக்கப்பட்டது. காப்பீட்டில் கதவு அகலமாகும்போதெல்லாம் ஓய்வூதியத்திலும் அகலமாகும்.

எண்களில் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஓர் ஊழியர் ஓய்வு பெறும்போது கணக்கில் 10 இலட்சம் ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கொள்வோர் உண்டு. அரசு ஊழியருக்குரிய விதிப்படி அதில் குறைந்தது 40 விழுக்காட்டை, அதாவது 4 இலட்சத்தைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கொடுத்து மாதத்தொகை வாங்க வேண்டும். ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய். எஞ்சிய 6 இலட்சம் கைக்கு வருவது உண்மை. மகளின் திருமணமும் வீட்டுக்கடனும் அதற்காகக் காத்திருப்பதும் உண்மை. அந்த 2,000 ரூபாய்க்கு அகவிலைப்படி இல்லை. விழிஞ்ஞம் மீன்பிடி துறைமுகத்தில் தலையில் கூடை சுமந்து முதுமையடைந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு காசும் பிடித்தம் செய்யாமல், கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் தருவதும் 2,000 ரூபாயே. அவருக்கு அது போதாது. ஆனால் சந்தை விழுந்தால் அது குறையாது.

சந்தை விழும் என்பது வெறும் அச்சமன்று. 2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் அறிக்கை வெளிவந்த பத்து நாட்களுக்குள் அதானி துறைமுகப் பங்கின் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பிறகு மீண்டது என்கிறார்கள். மீளட்டும், ஆனால் ஓய்வு பெறும் தேதி சந்தை மீளும்வரை காத்திருப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியில் அறங்காவலர் குழு வட்டியை அறிவிப்பதால் இத்தகைய அடி உடனே தொழிலாளியின் கணக்கில் விழாது. பங்களிப்பு ஓய்வூதியத்தில் அந்தத் திரையும் கிடையாது.

தனியார் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இதனினும் மோசம். அவருக்குக் கிட்டக்கூடியது 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் ஊதிய வரம்பு பத்தாண்டு கடந்தும் அசையவில்லை. பத்தாண்டுப் பணிக்கு அந்த வரம்பில் கிடைப்பது மாதம் சுமார் 2,140 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியமோ 1,000 ரூபாய். அதற்கும் பத்தாண்டுப் பணி கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறுந்தோறும் கணக்கு அறுந்துபோகும் தொழிலாளிக்குப் பத்தாண்டு என்பதே எட்டாக்கனி. துறைமுகத்தை நடத்தும் கம்பெனிக்கு ஒப்பந்தக் காலம் 40 ஆண்டு. முதற்கட்டச் செலவான 8,867 கோடியில் 5,595 கோடி கேரள மக்களின் பணம். அரசுக்கு வருவாய்ப் பங்கு வரத் தொடங்குவது 2034இல்.

இடதுசாரிகள் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. மேற்கு வங்க இடது முன்னணி அரசு பங்களிப்பு ஓய்வூதியத்தை ஏற்கவே இல்லை. திரிபுராவில் 2018இல் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்த பிறகே அது நுழைந்தது. கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் அதைக் கொண்டுவந்தது உம்மன் சாண்டி அரசு. ஆனால் மறுபரிசீலனை செய்வதாக 2016இல் வாக்குறுதி அளித்து வென்றது இடது ஜனநாயக முன்னணி. 2018இல் குழு அமைக்கப்பட்டது, 2021இல் அறிக்கை வந்தது. அதன் பிறகும் ஊழியர்கள் போராட வேண்டியிருந்தது. கடன் வரம்பைக் குறுக்கி மாநிலத்தின் கழுத்தை நெரித்தது மோடி அரசு என்பதில் ஐயமில்லை. ஆயினும், 2013க்குப் பின் பணியேற்ற இளம் ஆசிரியரிடமும் எழுத்தரிடமும் அந்த விளக்கம் மட்டும் செல்லுபடியாகாது என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

போராட்டம் வீண்போகவில்லை. இராஜஸ்தானும் இமாச்சலப் பிரதேசமும் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்புவதாக அறிவித்த அழுத்தத்தில்தான், 25 ஆண்டுப் பணிக்குப் பாதி ஊதியம் என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு கொண்டுவந்தது. சந்தையிடம் விட்டது தவறு என்பதன் ஒப்புதலே இது. ஆனால் ஊழியரின் 10 விழுக்காடு பிடித்தம் தொடர்கிறது. விருப்பம் தெரிவிக்கும் கெடு நீட்டிக்கப்பட்ட பின்னும் பத்தில் ஒரு பங்கினர்கூட அதில் சேரவில்லை.

இன்னொரு புறம் எதிர்த்திசையில் வேகம் கூட்டப்படுகிறது. 2025 அக்டோபர் முதல் அரசு சாரா சந்தாதாரர் தம் ஓய்வூதியப் பணம் முழுவதையும் பங்குகளில் இட வழி திறக்கப்பட்டது. டிசம்பரில், திரண்ட தொகையில் 80 விழுக்காடு வரை ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி மாறியது. தெரிவுச் சுதந்திரம் என்று இதற்குப் பெயர். மாத வருவாய்க்கென்று கட்டாயம் ஒதுக்க வேண்டியது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட பிறகு, இதை ஓய்வூதியம் என்று அழைப்பதே பொருந்துமா?

பழைய ஓய்வூதியத்தை மீட்பது அரசு ஊழியரின் கோரிக்கை என்று மட்டும் நின்றுவிட்டால், துறைமுக வாயிலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி அதை வேறொருவரின் சலுகையாகவே பார்ப்பார். அப்படிப் பார்க்க வைக்க ஊடகங்கள் அல்லும் பகலும் உழைக்கின்றன. 1995 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துதல், ஊதிய வரம்பை அகற்றுதல், ஒப்பந்ததாரர் மாறினாலும் அறுபடாத பணிக்கணக்கு, கடலோர மீனவருக்கு மத்திய அரசின் பங்களிப்போடு கூடிய ஓய்வூதியம் ஆகியவை அந்த ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். தொழிலாளர் பணம் எந்தக் கம்பெனிக்கு, என்ன நிபந்தனையில் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அமர வேண்டும். 2025இல் காப்பீட்டுக் கழகம் வாங்கிய அந்தப் பத்திரங்கள் முதிர்வடைவது 2040இல். அதுவரை அந்தக் கம்பெனியின் துறைமுகங்களில் தொழிலாளிக்கு என்ன ஊதியம், எத்தனை நாள் வேலை, எந்தச் சேமநலம் என்று கேட்கும் உரிமை, கடன் கொடுத்தவர்களான பாலிசிதாரர்களுக்கு இன்றைக்கு இல்லை.