புதிய சஞ்சிகைகளும் நூலகரும்

"ஒரே நாடு, ஒரே சந்தா" என்னும் மத்திய அரசாங்கத் திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகத்தாரின் ஏறத்தாழ 13,000 மின் சஞ்சிகைகளை, 6,300-க்கும் மேற்பட்ட அரசாங்கக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் படிப்பதற்கு இது வழி செய்கிறது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். சந்தா கட்ட வசதியற்ற சிறு பல்கலைக் கழகங்களுக்கு இது வரப்பிரசாதமே, ஐயமில்லை.

ஆயினும் ஒன்று. மேஜைமீது கிடக்கும் புதிய இதழ் தானாகவே வாசகர் கண்ணில் படும். கணிப்பொறிக்குள் இருப்பது அவ்வாறு படுவதில்லை. வாசகருக்கும் நூலுக்கும் தொடர்பை உண்டாக்குவதே நூலகரின் தலையாய கடமை என்று வற்புறுத்தியவர், 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ். ஆர். அரங்கநாதன். முதலாண்டு ஆராய்ச்சி மாணவரின் அருகில் அமர்ந்து, தேடும் முறையைக் கற்பிக்க ஒருவர் வேண்டாமா? சந்தாத் தொகையோடு, நூலகர் நியமனத்திற்கும் பயிற்சிக்கும் தனியே நிதி ஒதுக்குதல் அவசியம்.